ஓரத்தில் எழுதியிருந்த கல்யாணம்

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டது 2006 ஜூலையில், ஒரு திங்கட்கிழமை காலை, தலத்தெருவில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காப்பி ஆற்றிக்கொண்டே.

என் வீட்டு வாசலில் ஒரு தகரப் பலகை தொங்கும். ‘பிரெஞ்சு ஆவணங்கள் படித்துத் தமிழில் எழுதித் தரப்படும் – சலோமி.’ காரைக்கால் பிரெஞ்சுக்காரன் கையில் இருந்த காலத்துப் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாம் அந்தப் பாஷையில்தான் பதிவாகியிருக்கின்றன. அதுவும் மை மங்கி, கொக்கி கொக்கியான கையெழுத்தில். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். அதில் முதல் விரல் நான்தான் என்று எனக்கு ஒரு நினைப்பு. இருபத்து நான்கு வருடத் தொழிலில் ஒரு தேதியைக்கூட மாற்றிப் படித்ததில்லை. செத்தவன் பதிவை இரவல் வாங்கிக்கொண்டு பிரெஞ்சுக் குடியுரிமை கேட்க வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, வாய்க்கு வந்தபடி பேசி விரட்டியிருக்கிறேன். என் வண்டவாளம் பின்னால் தண்டவாளம் ஏறப்போகிறது, அதனால் இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

வந்தவள் பெயர் வினோதினி. முப்பது வயதிருக்கும். சென்னையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நாற்பது படங்களுக்குக் கதை வசனம் எழுதிய காரை முகிலனைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாளாம். அவர் செத்து ஐந்து வருடமாகிறது.

“ஊரு பேரையே தன் பேருக்கு முன்னாடி வச்சுக்கிட்டாரு, ஆனா ஊரப் பத்தி ஒரு பேட்டியிலகூட உண்மை சொல்லல மேடம். ஒரு தடவை கடற்கரையில குடிசைம்பாரு, ஒரு தடவை மாடி வீடும்பாரு. அவரோட நெசப் பேரே அவர் சம்சாரம் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிலோமின்ராஜ். அவர் பொறந்த வீடு எது, அப்பா அம்மா யாரு, அதுதான் எனக்கு வேணும்.”

அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதில்லை. பதினைந்து வயதில் ஊரை விட்டுப் போனவனாம். யாருக்கு ஞாபகம் இருக்கும்? நான் என் பெருமையை ஆரம்பித்தேன்.

“வீடு, வாசல் எல்லாம் பதிவுலயே இருக்கும்மா. ஆனா நீங்க ஓரத்தப் பாக்கக் கத்துக்கணும். நடுவுல எழுதியிருக்கறது பொறந்த சேதி மட்டும்தான். அந்தாளுக்குப் பின்னால கல்யாணம் ஆனா, அதே பக்கத்து ஓரத்துல எழுதுவாங்க. அவன் எந்த ஊர்ல கட்டிக்கிட்டாலும் சேதி இங்க வந்துடும். செத்தா அதையும் எழுதுவாங்க. ஒரு மனுஷனோட மொத்த வாழ்க்கையும் நாலு விரக்கடை ஓரத்துல அடக்கம். மனுஷன் பொய் சொல்லுவான், ஓரம் சொல்லாது.”

வினோதினி அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று.

காப்பியைக் குடித்துக்கொண்டே சுவரில் இருந்த கல்யாணப் படத்தை அண்ணாந்து பார்த்தாள். என் அப்பாவும் அம்மாவும். அப்பா சொல்தா உடுப்பில், அதாவது பிரெஞ்சுப் பட்டாளக்கார உடுப்பில், விறைத்துக்கொண்டு நிற்பார். கீழே வெள்ளை எழுத்தில் ‘அகஸ்டின் – மரி தெரேஸ், பாண்டிச்சேரி, 1953’ என்றிருக்கும்.

“உங்கம்மா ரொம்ப அழகு மேடம்” என்றாள்.

“அப்பாவுக்கு அந்தப் பெருமைதான் இன்னிக்கும். உள்ள படுத்திருக்காரு. கால் இழுத்துக்கிட்டு மூணு வருஷமாச்சு” என்றேன். அம்மா இல்லை, என் கணவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் ஜெரோம் பாரீசுக்குப் பக்கத்தில் பஸ் ஓட்டுகிறான். பெண்டாட்டியும் இரண்டு குழந்தைகளும் அங்கேதான். இந்த வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை பழைய பதிவேடுகள் இருக்கும் அறைக்கு அவளைக் கூட்டிப்போனேன். அந்த அறையைக் காவல் காப்பவர் முகம்மது இப்ராஹிம். ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. பதிவேடுகளைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையாலும் தூக்கி வருவார். யாராவது எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினால் சண்டைக்கு வருவார்.

1934ஆம் வருடத்துப் பதிவேட்டில் அரை மணி நேரத்தில் பிலோமின்ராஜ் கிடைத்துவிட்டார். “மாதா கோயில் வீதியில், தகப்பனார் வீட்டில் பிறந்த ஆண் குழந்தை” என்று நான் சத்தமாகப் படித்துக்கொண்டே போனேன். “தகப்பனார் சவேரிநாதன், வயது முப்பத்தாறு, வியாபாரி. தாயார் மதலேனம்மாள், வயது…”

அங்கே என் வாய் நின்றது.

சவேரிநாதன், மதலேனம்மாள். இந்த இரண்டு பெயரையும் நான் வாழ்நாளில் குறைந்தது இருநூறு தடவை எழுதியிருப்பேன். அப்பாவின் பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதத்தில், என்னுடையதில், ஜெரோமுடையதில், எல்லாவற்றிலும் எழுதியிருக்கிறேன். என் அப்பாவைப் பெற்றவர்கள் பெயர் அவை. நான் அவர்களைப் பார்த்ததில்லை. அப்பா கல்யாணம் பண்ணுவதற்கு முன்பே இரண்டு பேரும் போய்விட்டார்கள், கூடப்பிறந்தது யாரும் இல்லை என்றுதான் சொல்லி வளர்த்தார்.

அப்படியென்றால் காரை முகிலன் என் சித்தப்பா! எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கொண்டு வந்தது. நாற்பது படம் எழுதிய ஆள் சொந்தச் சித்தப்பா, நானோ டிக்கெட் வாங்கிக்கொண்டு அவர் படத்தைப் பார்த்திருக்கிறேன். சண்டைதான் காரணமாக இருக்கும், சொத்துத் தகராறு, அதனால்தான் அப்பா சொல்லவில்லை. அப்பா சினிமா என்றாலே கண்ணுக்கு ஆகாது என்று எழுந்து போய்விடுவது ஞாபகம் வந்தது. அட கிழவா, இதுதானா சங்கதி என்று நினைத்துக்கொண்டேன். வினோதினியிடம் சொல்லி அவளை மயக்கம் போட வைக்கலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவள் பையிலிருந்து சில நகல் தாள்களை எடுத்தாள். காரை முகிலனின் நோட்டுப் புத்தகத்திலிருந்து அவர் மனைவி எடுத்துக் கொடுத்ததாம்.

“சவேரிநாதன், மாதா கோயில் வீதி… எல்லாம் சரியா வருது மேடம். இதக் கேளுங்க. ‘என் அண்ணன் அகஸ்டின் எட்டு வயதில், நாகூர் கந்தூரித் திருவிழா பார்க்கப் போன இடத்தில் வெட்டாற்றில் போனான். மூன்றாம் நாள் முகத்துவாரத்தில் கிடைத்தான். நாகப்பட்டினத்திலேயே அடக்கம் செய்தார்கள். அதற்குப் பிறகு என் அப்பா யாருடனும் பேசவில்லை.’” அவள் நிமிர்ந்தாள். “அண்ணனோட பதிவையும் பாத்துடலாமா? நீங்க சொன்னீங்களே, ஓரத்துல சாவு எழுதியிருக்கும்னு. அதையும் போட்டோ எடுத்துப் புத்தகத்துல போட்டா எவ்ளோ நல்லா இருக்கும்!”

சவேரிநாதனுக்கும் மதலேனம்மாளுக்கும் பிறந்த அகஸ்டின் எட்டு வயதில் செத்துப்போனான் என்றால், காலையில் நான் இட்லி ஊட்டிவிட்டு வந்த அகஸ்டின் யார்?

“எந்த வருஷம்னு தெரியலையே” என்றேன். எனக்கு வருடம் தெரியும், மாதம் தெரியும், தேதியும் தெரியும். 1931 பிப்ரவரி ஒன்பது. ஒவ்வொரு வருடமும் கேக் வெட்டுகிறோம்.

“இவர விட மூணு வயசு மூத்தவர்னு எழுதியிருக்காரு. முப்பத்தொண்ணு.”

இப்ராஹிம் தலையை நீட்டினார். “முப்பத்தொண்ணு தையல் விட்டுப்போச்சுன்னு பைண்டிங்குக்குக் குடுத்துருக்கேன். நாளைக்கு வந்துடும்மா. காலையில வாங்க, எடுத்து வைக்கிறேன்.”

அவர் காலில் விழுந்து கும்பிடலாம் போல இருந்தது. ஒரு நாள் கிடைத்தது.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று. அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் ரேடியோவை அணைத்தேன்.

“அப்பா, பிலோமின்ராஜ்னா யாரு?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. அணைந்த ரேடியோவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெட்டாத்துல செத்துப்போன அகஸ்டின் யாரு?”

“கதவச் சாத்து” என்றார். சாத்தினேன். சன்னலையும் சாத்தச் சொன்னார், சாத்தினேன். மத்தியான வெயிலில் அறை அவிந்தது.

“நான் முத்தையன்” என்றார்.

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். எனக்குத்தான் உட்கார இடம் தேட வேண்டியிருந்தது.

அவர் எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள். பிரிட்டிஷ்காரன் பக்கம், கீழ்வேளூர்ப் பக்கத்துக் கிராமம். தாய் தகப்பன் காலராவில் போன பிறகு ஏழு வயதில் சவேரிநாதன் வீட்டில் மாடு மேய்க்க வந்து சேர்ந்திருக்கிறார். அகஸ்டினும் அவரும் ஒரே உயரம்.

“கந்தூரிக்கு மூணு பேருமாத்தான் போனோம். அகஸ்டின், சின்னவன் பிலோமின், நானு. அவன் எறங்கினது எனக்குத் தெரியாது. மூணு நாள் முங்கித் தேடுனேன். கெடச்சப்போ நான்தான் தூக்கிக்கிட்டு வந்தேன்.” போர்வை நுனியை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அங்கேயே அடக்கம் பண்ணிட்டாங்க. செத்தது பிரிட்டிஷ் பக்கம், இங்க பிரெஞ்சுக் கச்சேரி ஆபீசுல எதுக்குச் சொல்லணும்னு அய்யா இருந்துட்டாங்க. அந்த ஊர்க் கணக்கு வேற, இந்த ஊர்க் கணக்கு வேறன்னுதான் அப்ப எல்லாரும் நெனச்சது. அதனால இந்தப் புஸ்தகத்துல அவன் சாகவே இல்ல.”

ஓரம் காலியாக இருந்திருக்கிறது. ஓரம் பொய் சொல்லாது என்று பீற்றிக்கொண்டவள் நான்.

“அம்பதுல பட்டாளத்துக்கு ஆள் எடுத்தாங்க. போனா சோறு, உடுப்பு, கப்பல். ஆனா பிரெஞ்சுப் பதிவு இருந்தாத்தான் எடுப்பான். எனக்கு என்ன இருக்கு? அய்யா அப்ப இல்ல. அம்மா பெட்டியத் தொறந்து அந்தக் காயிதத்த எடுத்து என் கையில வச்சாங்க. ‘இது சும்மாதான கெடக்கு முத்தையா, எடுத்துக்க’ன்னாங்க. நான் வேணாம்னு அழுதேன். ‘எம்புள்ள பேர யாராச்சும் கூப்புடணும், எவனாச்சும் என்னான்னு திரும்பிப் பாக்கணும், அதுக்காவது எடுத்துக்க’ன்னாங்க. ஞானஸ்நானச் சீட்டும் குடுத்தாங்க. அன்னிலேருந்து நான் அகஸ்டின். பதினஞ்சு வருஷம் கழிச்சு ஊருக்குத் திரும்புனப்ப முத்தையனத் தெரிஞ்சவங்க யாரும் மிச்சமில்ல.”

வருடா வருடம் கல்லறைத் திருநாளன்று அப்பா நாகப்பட்டினத்துக்குப் போவார். சின்ன வயதில் என்னையும் கூட்டிப்போயிருக்கிறார். ஒரு குட்டிக் கல்லறை. சிலுவை இருக்கும், பெயர் இருக்காது. மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வெகுநேரம் நிற்பார். பட்டாளத்துச் சிநேகிதரின் குழந்தை என்று சொல்லியிருந்தார். பெயர் ஏன் இல்லை என்று நானும் கேட்டதில்லை. பெயரைத்தான் நாங்கள் குடும்பத்தோடு போட்டுக்கொண்டு திரிந்தோமே.

“எங்கம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

எனக்குக் கோபம் வந்தது. பாவம், கிழவர், கால் விளங்காதவர் என்றெல்லாம் தோன்றவில்லை. “எனக்குச் சொல்லணும்னு தோணலையா? ஊரான் காயிதத்தயெல்லாம் நான் எடை போட்டு, இவன் திருடன், அவன் போலின்னு ஏசிக்கிட்டு இருந்தேனே, கேட்டுக்கிட்டுத்தான படுத்திருந்தீங்க?”

“ஒவ்வொரு தடவையும் கேட்டேன்” என்றார் அப்பா.

அன்றைக்குச் சோறு பிசையும்போது ஒரு பழைய சங்கதி ஞாபகம் வந்தது. ஆறு வருடத்துக்கு முன் என் மேசைக்கு ஒரு குடும்பம் வந்தது. அவர்களுடைய தாத்தாவின் பதிவு இன்னொருவருடையது என்று கண்டுபிடித்து, பிரான்சிலிருந்து கடிதம் வந்திருந்தது. தாத்தா செல்லாததால் மகன் செல்லவில்லை, மகன் செல்லாததால் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த பேரனும் செல்லவில்லை. ஒரே கடிதத்தில் மூன்று தலைமுறையும் பிரெஞ்சுக்காரர்கள் இல்லை என்றாகிவிட்டது. அந்தக் கடிதத்தை அவர்களுக்குத் தமிழில் படித்துச் சொன்னதே நான்தான். அந்த அம்மாள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு, “இன்னொரு தடவை படிங்க, வேற மாதிரி எழுதியிருக்கப் போகுது” என்றாள். இப்போது அந்த அம்மாள் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. அப்பா முத்தையன் என்றால் நான் யாரோ, ஜெரோம் யாரோ. அவன் ஓட்டும் பஸ், குடியிருக்கும் வீடு, பள்ளிக்கூடத்தில் பாட்டுப் பாடும் அந்த இரண்டு குழந்தைகள் எல்லாம் ஒரு பொம்பளை கேமராவைத் தட்டினால் போய்விடும். செத்தவனின் பதிவு ஓரத்தில் என் அம்மாவின் கல்யாணம் எழுதியிருக்கும். அதைப் புத்தகத்தில் போட்டால், பிரெஞ்சு படிக்கத் தெரிந்த எவன் கண்ணிலும் படும்.

ஜெரோமைப் போனில் கூப்பிட்டேன். பின்னால் பேத்தி எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள். “சும்மாதான்டா கூப்புட்டேன்” என்று வைத்துவிட்டேன்.

புதன்கிழமை காலை மாதா கோயிலுக்குப் போய் முட்டி போட்டேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. பதிவேடு கரையான் அரித்துப் போயிருக்கட்டும் என்று கேட்டேன். அந்தப் பக்கத்தைக் கிழித்து முந்தானையில் முடிந்துகொண்டு வருவதாகவும் நினைத்துப் பார்த்தேன். இப்ராஹிம் பாயின் முகம் குறுக்கே வந்தது. ஓய்வுபெற எட்டு மாதம் இருக்கும் மனுஷன் தலையில் அந்தப் பழியைப் போடத் துணியவில்லை. அவ்வளவுதான் என் யோக்கியதை.

கரையான் அரிக்கவில்லை. புதுத் துணி ஒட்டி, பசை வாசனையோடு மேசைமேல் இருந்தது 1931.

“நானே பாக்கறேன்” என்று இழுத்துக்கொண்டேன். பிப்ரவரி ஒன்பது தானாக விரிந்த மாதிரி விரிந்தது. நடுவில் அகஸ்டின் பிறந்திருந்தான். இடது ஓரத்தில் வேறு மையில் நாலு வரி: பாண்டிச்சேரியில் மரி தெரேஸ் என்பவரை மணந்தார், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்று. நான் உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்துக்கொண்டேன். கை வேர்த்தது.

“கிடைச்சுடுச்சா?” வினோதினி எனக்குப் பின்னால் வந்து நின்றாள். “கையக் கொஞ்சம் எடுங்க மேடம்.”

எடுக்கவில்லை.

“சலோமிம்மா, கை ஈரம் படுது பாரு, மை கலைஞ்சுடும்” என்று இப்ராஹிம் அதட்டினார். எடுத்தேன்.

கேமரா இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டியது. பிறகு அவள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, “ஓரத்துல இருக்கே, படிங்க” என்றாள்.

இருபத்து நான்கு வருடம். ஒரு தேதியைக்கூட மாற்றிப் படிக்காத நாக்கு. “ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பது ஜூலை மாதம்” என்று படித்தேன். “நாகூரில், நீரில் மூழ்கி இறந்தார்.”

அவள் எழுதிக்கொண்டாள். பிறகு குனிந்து பார்த்தாள். பிரெஞ்சு தெரியாவிட்டால் என்ன, இங்கிலீஷ் எழுத்துத்தானே. “இங்க மரி தெரேஸ்னு ஒரு பேரு இருக்கே மேடம்?”

“அது… ஆஸ்பத்திரி கன்னியாஸ்திரி. சாவுச் சேதி குடுத்தவங்க.”

“ஓ” என்றாள். கொஞ்ச நேரம் அந்த ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “புத்தகத்துல இந்தப் போட்டோவுக்குக் கீழ, ‘தமிழில்: சலோமி’ன்னு உங்க பேரப் போடுறேன்.”

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை இதுதான். பொய்யும் சொல்லியாயிற்று, அதன் கீழே என் பெயரும் வரப்போகிறது. வீட்டுக்கு வந்து முதல் வேலையாக நாற்காலி போட்டு ஏறி, அப்பா அம்மா கல்யாணப் படத்தைக் கழற்றினேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகினேன். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, சதுரமாகத் தெரிந்தது. ஒரு காலண்டரைத் தேடினேன். அந்த அளவுக்கு எதுவும் இல்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வினோதினி விடைபெற வந்தாள். பதினொன்றரைக்குப் பஸ். நான் அப்பாவிடம் மூச்சு விடக்கூடாது என்று சொல்லி, அவர் அறைக்கதவைச் சாத்தியிருந்தேன். தாழ்ப்பாள் இல்லாத கதவு அது.

அவள் அதே நாற்காலியில் உட்கார்ந்தாள். அண்ணாந்து சுவரைப் பார்த்தாள். வெள்ளைச் சதுரத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

“வீடுதான் மேடம் கடைசி வரைக்கும் உறுதியாகல. மாதா கோயில் வீதின்னு இருக்கே தவிர, கதவு நம்பர் இல்ல. அந்தக் காலத்து வீடு மூணு மிஞ்சியிருக்கு. கூரியர் கடை இருக்கற வீட்டத்தான் போட்டோ எடுத்திருக்கேன். முன்னாடி பெரிய கெணறு இருக்கு. அவர் எழுதுன படத்துல எல்லாம் ஒரு கெணறு வரும்.”

“அதாத்தான் இருக்கும்” என்றேன். “பஸ்ஸுக்கு நேரமாகுதுல்ல?”

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது.

“அது இல்ல.”

“அப்பா, நீங்க தூங்குங்க” என்று கத்தினேன்.

“அது மரைக்காயர் வீடு. நம்ம வீட்டுக் கெணறு வெளியிலேருந்து தெரியாது. அடுப்பங்கரைக்குள்ள இருக்கும். அம்மா அடுப்புக்கிட்ட நின்னபடியே எட்டித் தண்ணி எறைப்பாங்க. இப்ப போட்டோ ஸ்டூடியோ இருக்கு பாரு, அதான் வீடு.”

நான் தடுப்பதற்குள் வினோதினி எழுந்து போய்க் கதவைத் தள்ளிவிட்டாள். அப்பா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் அவளுக்கும் கட்டிலுக்கும் நடுவில் போய் நின்றேன்.

“ஐயா, உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று மெதுவாகக் கேட்டாள். “உங்க பேரு என்னங்கய்யா?”

ஐம்பத்தாறு வருடமாக அந்தக் கேள்விக்கு அவர் ஒரே பதில்தான் சொல்லி வந்திருக்கிறார். பட்டாளத்தில், கப்பலில், கோயிலில், ஆஸ்பத்திரியில். அந்தப் பதிலைச் சொன்னால் இப்போது நாங்கள் எல்லோரும் தொலைந்தோம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“முத்தையன்” என்றார் அப்பா. “அந்த வீட்டுல மாடு மேய்ச்சேன்.”

வினோதினியின் முகத்தில் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டு வருவதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். திங்கட்கிழமை சுவரில் படித்த அகஸ்டின், மரி தெரேஸ், 1953. புதன்கிழமை ஓரத்தில் இருந்த மரி தெரேஸ். இன்றைக்குக் காலியான சுவர். ஓரத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்த வாத்தியாரம்மா நான்தானே.

அவள் பையைத் திறந்தாள். போலீசுக்குப் போன் செய்யப்போகிறாள் என்றே நினைத்தேன், பயம் அப்படிப்பட்டது. அவள் எடுத்தது முகிலன் நோட்டின் நகல் தாளை.

“உங்களப் பத்தி எழுதியிருக்காருங்கய்யா” என்று சொல்லிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படித்தாள். “‘அண்ணனைத் தேடி மூன்று நாள் தண்ணீருக்குள் இருந்தவன் முத்தையன். கரையில் இருந்த பெரியவர்கள் வா என்று கூப்பிட்டும் ஏறவில்லை. பிறகு அவன் ஏதோ கப்பலில் போய்விட்டான் என்றார்கள். அவன் எங்கே இருக்கிறான் என்று யாராவது என்னைக் கேட்டால், தெரியாது என்று சொல்ல என் அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதனால் எனக்குத் தெரியாது.’”

அப்பா அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை, அம்மா செத்த அன்றுகூட. ஊரைப் பற்றிப் பேட்டிக்குப் பேட்டி புளுகிய அந்த மனுஷன் யாருக்காகப் புளுகினார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

வினோதினி கேமராவை எடுத்தாள். பொத்தானை அமுக்கி அமுக்கி அந்தப் பக்கத்தைச் சின்னத் திரையில் கொண்டுவந்தாள். என் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஓரத்தில் இருந்த நாலு வரியும் எழுத்தெழுத்தாகப் பளிச்சென்று தெரிந்தது.

“இது மங்கலா விழுந்துடுச்சு மேடம்” என்றாள். “ரெண்டுமே மங்கல். அழிச்சுடுறேன்.”

அழித்தாள். அழிந்துவிட்டதைக் காட்டினாள். “அண்ணன் எட்டு வயசுல தண்ணியில போனாருன்னு மட்டும் எழுதுறேன். போட்டோ வேணாம். ஸ்டூடியோ வீட்ட எடுத்துக்கறேன், போற வழிதான?” வாசல் வரைக்கும் போனவள் திரும்பி, “படத்த மறுபடி மாட்டிடுங்க, செவுரு அசிங்கமா இருக்கு” என்றாள்.

அவளை நான் நம்புகிறேன். ஆனால் நம்பிக்கை வேறு, பயம் வேறு. நாளைக்கு இன்னொருத்தி வரலாம். பதிவேடு அங்கேயேதான் இருக்கிறது, ஓரமும் இருக்கிறது. தபால்காரர் மணி அடித்தால் இப்போதும் உறையின் மேல் பிரெஞ்சு அரசாங்க முத்திரை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

அவள் போனதும் தலையணையைச் சரி செய்து அப்பாவைச் சாய்த்து உட்காரவைத்தேன். பிறகு, “அந்தப் பொண்ணு என்னை என்னான்னு கேட்டுச்சு?” என்றார்.

“பேரக் கேட்டா.”

“நான் சொன்னது சரியாக் காதுல விழுந்துச்சா? ரொம்ப நாளாச்சு, எனக்கே சத்தம் சரியா வரல.” கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “நீ ஒரு தடவ சொல்லேன். கடைசியா அந்தப் பேரச் சொல்லிக் கூப்புட்டது, காயிதம் குடுத்த அந்த அம்மாதான்.”

பெற்ற தகப்பனைப் பெண் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அகஸ்டின் என்ற பெயரைக் காகிதம் காகிதமாக எழுதும்போதும், ஆயிரம் பேரிடம் சொல்லும்போதும் எனக்கு ஒரு நாளும் கூசியதில்லை. அது ஏன் என்று இப்போது தெரிந்தது. இந்தப் பெயருக்கு நாக்கு கூசியது, என் நிஜ அப்பாவின் பெயர் ஆயிற்றே.

எழுந்து போய் வாசல் கதவைத் தாழிட்டேன். சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினேன். ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். அப்புறம்தான் அவர் காதருகே குனிந்து, “முத்தையா” என்று கூப்பிட்டேன்.

“என்னா?” என்று திரும்பிப் பார்த்தார் அப்பா.